கணினிக்குள் ஒரு நூலகம்

தனிமரம் தோப்பாவதில்லை. அறிவுலகிலும் அஃதே உண்மை. ஒருவர் ஆராய்ந்து கண்ட முறையை மற்றொருவர் எடுத்துப் பயன்கொள்வார். தம்மால் இயன்ற அளவு செப்பம் செய்து அடுத்தவரிடம் ஒப்படைப்பார். இவ்வாறு வழிவழியாக வளர்ந்ததே இன்றைய அறிவியல். பாலம் கட்டும் பொறியாளரும், புயலின் போக்கைக் கணிக்கும் வானிலை அறிஞரும், மருந்தின் அளவை ஆராயும் மருத்துவ அறிஞரும் நாள்தோறும் பெருங்கணக்குகளைப் போடுகின்றனர். ஆயினும், அக்கணக்கு முறைகள் அனைத்தையும் அவர்கள் முதலிலிருந்து தாமே வகுப்பதில்லை. வல்லோர் எழுதிச் சோதித்து வைத்த முறைகளைத் தம் கணினியில் நிறுவிக்கொண்டு, வேண்டும்போது அழைத்துப் பயன்கொள்கின்றனர். அம்முறைகளின் தொகுதிக்கே 'நிரல் நூலகம்' என்று பெயர்.

நிரல் என்பது கணினிக்கு இடப்படும் கட்டளைகளின் வரிசை. ஒரு குறிப்பிட்ட கணக்கை மட்டும் செய்து தரும் சிறு நிரலைத் துணைநிரல் என்பர். வர்க்கமூலம் காண ஒன்று, கோணத்தின் சைன் மதிப்பைக் காண ஒன்று, பல சமன்பாடுகளை ஒருங்கே தீர்க்க ஒன்று எனத் துணைநிரல்கள் பலவாகும். அவற்றை வகைப்படுத்தி ஓரிடத்தில் திரட்டி வைத்தால் அது நூலகமாகிறது. ஏடுகள் நிறைந்த நூலகத்தில் வேண்டிய நூலை எடுத்துப் படிப்பது போல, இந்நூலகத்தில் வேண்டிய கணக்கு முறையைப் பெயர் சொல்லி அழைக்கலாம்.

இவ்வழக்கம் கணினியின் இளமைக் காலத்திலேயே தோன்றியது. இங்கிலாந்து நாட்டுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949-ஆம் ஆண்டு மே மாதத்தில் 'எட்சாக்' என்னும் கணினி இயங்கத் தொடங்கியது. அதனை அமைத்தவர் மாரிஸ் வில்க்ஸ் என்பவர். அவரும் டேவிட் வீலர், ஸ்டான்லி கில் ஆகியோரும் துணைநிரல்களைத் துளையிட்ட தாள்நாடாக்களில் பதித்து, எஃகு அலமாரி ஒன்றில் அடுக்கி வைத்தனர். கணக்குப் போட வருபவர் தமக்கு வேண்டிய நாடாவை எடுத்து, அதிலுள்ள துளைகளைத் தம் நாடாவில் படியெடுத்துக்கொள்வார். 1951-ஆம் ஆண்டளவில் அந்நூலகத்தில் 87 துணைநிரல்கள் இருந்தன. அவற்றை ஆளும் முறையை விளக்கி அம்மூவரும் அதே ஆண்டில் நூல் ஒன்றும் வெளியிட்டனர்.

பின்னர் அலமாரி மறைந்தது, நூலகம் வளர்ந்தது. 1957-இல் ஃபோர்ட்ரான் என்னும் கணினி மொழி வெளிவந்தபின், கணக்கு முறைகளை மனிதர் படித்தறியும் வடிவில் எழுதுதல் எளிதாயிற்று. 1985-இல் தொடங்கிய 'நெட்லிப்' என்னும் நிலையம், தரமான கணித நிரல்களை வலைப்பின்னல் வழியாக உலகினர்க்கு வழங்கத் தலைப்பட்டது. 1996-இல் அமெரிக்க நாட்டு லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மார்க் கலாசி, ஜேம்ஸ் தைலர் ஆகிய இயற்பியல் அறிஞர் இருவர் 'குனு அறிவியல் நூலகம்' என்பதனை எழுதத் தொடங்கினர். சி மொழியில் அமைந்த அந்நூலகத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட துணைநிரல்கள் உள்ளன. எவரும் அதனை விலையின்றிப் பெறலாம். உள்ளே என்ன எழுதியுள்ளது என்று படித்துப் பார்க்கலாம். உரிமைக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டுத் திருத்தவும் செய்யலாம்.

ஒரு நூலகம் இரண்டு வடிவங்களில் கிடைக்கும். மனிதர் எழுதிய வடிவம் ஒன்று. அதற்கு 'மூலநிரல்' என்று பெயர். கணினியின் செயலி நேரே ஏற்றுச் செய்யும் வடிவம் மற்றொன்று. அது பொறிமொழி எனப்படும். செயலிக்கு மூலநிரல் விளங்காது. மனிதனுக்குப் பொறிமொழி எளிதில் விளங்காது. இவ்விரண்டிற்கும் இடையே நின்று பெயர்த்துத் தருவது 'கம்பைலர்' என வழங்கும் நிரல்பெயர்ப்பி. ஒரே மூலநிரலை வெவ்வேறு வகைக் கணினிகளில் வெவ்வேறு பொறிமொழியாகப் பெயர்த்துக்கொள்ளலாம்.

பிறர் முன்னரே பெயர்த்து வைத்த ஆயத்தப் பொதிகளும் கிடைக்கின்றன. பெரும்பாலோருக்கு அவை போதுமானவை. அவ்வாறாயின், மூலநிரலைப் பெற்றுத் தாமே நிறுவுவது எதற்கு? கடையில் தைத்து வைத்திருக்கும் சட்டை பலருக்கும் ஓரளவு பொருந்தும். அளவெடுத்துத் தைத்த சட்டையோ உடுத்துபவர் ஒருவருக்கே நன்கு பொருந்தும். ஆயத்தப் பொதி எல்லாக் கணினிகளிலும் ஓட வேண்டியிருத்தலின், ஒரு சில செயலிகளுக்கே உரிய விரைவுக் கட்டளைகளை அது பயன்படுத்தாமல் விடுதல் உண்டு. புதிய திருத்தம் ஒன்று மூலநிரலில் வந்திருக்கும். ஆயத்தப் பொதியில் இன்னும் வந்திராது. பல்கலைக்கழகங்களின் பொதுக் கணினியில் பணிபுரியும் மாணவர்க்குப் பொது இடத்தில் எதனையும் நிறுவும் உரிமை இராது. தம் சொந்தக் கோப்புறையிலேயே நிறுவிக்கொள்ள வேண்டும். இவ்விடங்களில் மூலநிரலே துணையாகிறது.

குனு அறிவியல் நூலகத்தை லினக்ஸ் கணினி ஒன்றில் நிறுவும் முறையை இனிக் காணலாம். பெறுதல், படித்தல், ஆயத்தம் செய்தல், கட்டுதல், சோதித்தல், நிறுவுதல் என அப்பணி ஆறு படிகளாக அமையும்.

முதற்படி பெறுதல். மூலநிரற் கோப்புகள் பலவற்றையும் ஒன்றாகக் கட்டிச் சுருக்கிய பொதி ஒன்று, உரிய நிலையத்தில் வைக்கப்பட்டிருக்கும். அதனைப் பெற்றவுடன் அவிழ்த்துவிடுதல் கூடாது. வழியில் அது பழுதுபட்டதா, எவரேனும் மாற்றினரா என்று முதலில் நோக்க வேண்டும். அதற்கெனக் கைரேகை போன்ற அடையாளம் ஒன்று உண்டு. 'ஷா-256' என்னும் முறை, எத்துணைப் பெரிய கோப்பாயினும் அதனை 64 குறிகள் கொண்ட ஒரு வரிசையாக்கித் தரும். கோப்பில் ஓரெழுத்து மாறினும் அவ்வரிசை முற்றிலும் வேறாகிவிடும். வெளியிட்டவர் அறிவித்த வரிசையும் பெற்றவர் கணித்த வரிசையும் ஒத்திருந்தால், பொதி மாறாமல் வந்தது என்று கொள்ளலாம். வெளியிட்டவரின் மின்னணுக் கையொப்பம் இருப்பின் அதனையும் சரிபார்த்தல் நன்று.

இரண்டாம் படி படித்தல். பொதியை அவிழ்த்தால் 'ரீட்மி', 'இன்ஸ்டால்' என்னும் பெயருடைய கோப்புகள் காணப்படும். நூலகம் யாது, அதற்கு எவை தேவை, எம்முறையில் நிறுவ வேண்டும் என்பவற்றை நூலகத்தை எழுதியோரே அவற்றில் கூறியிருப்பர். பலர் இப்படியைத் தாண்டிச் சென்று, பின்னர்ப் பல மணி நேரம் அல்லற்படுவர். சில நிமிடப் படிப்பு ஒரு நாள் உழைப்பைக் காக்கும்.

மூன்றாம் படி ஆயத்தம் செய்தல். இதற்குரிய கட்டளை 'கான்ஃபிகர்' என்பது. வீடு கட்டுமுன் கொத்தனார் மண்ணின் தன்மையைப் பார்ப்பது போல, இது கணினியின் தன்மையை ஆராய்கிறது. நிரல்பெயர்ப்பி உள்ளதா, அது வேலை செய்கிறதா, எண்கள் எவ்வளவு இடத்தில் அடங்குகின்றன, தேவையான பிற கோப்புகள் உள்ளனவா என்று ஒவ்வொன்றாக வினவும். வாய்ச்சொல்லால் வினவுவதன்று அது; சிறு சிறு நிரல்களை எழுதி, பெயர்த்துப் பார்த்து, விளைவைக் கொண்டு விடை காணும். எந்தக் கோப்புறையில் நூலகம் அமைய வேண்டும் என்பதையும் இப்படியிலேயே கூறிவிடலாம். எல்லாம் முடிந்தபின், அக்கணினிக்கே பொருந்திய பணித்திட்டம் ஒன்றை எழுதி வைக்கும். அத்திட்டத்திற்கு 'மேக்ஃபைல்' என்று பெயர்.

நான்காம் படி கட்டுதல். 'மேக்' என்னும் கட்டளை அத்திட்டத்தைப் படித்து வேலையைத் தொடங்கும். அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்பவர் இக்கருவியை 1976-இல் உருவாக்கினார். நண்பர் ஒருவர் பிழையைத் திருத்திய பின்னும், திருத்திய கோப்பை மீண்டும் பெயர்க்காமல் விட்டதால், இல்லாத பிழையைத் தேடி ஒரு காலைப்பொழுதை இழந்தார். அதனைக் கண்ட ஃபெல்ட்மன், இவ்விழப்பு எவருக்கும் நேராதிருக்க வழி தேடினார். எந்தக் கோப்பு எதனைச் சார்ந்தது என்பதைத் திட்டத்தில் எழுதிவிட்டால், 'மேக்' அக்கோப்புகளின் நேரக் குறிப்பைப் பார்த்து, மாறியவற்றை மட்டும் மீண்டும் பெயர்க்கும், மாறாதவற்றைத் தொடாது. குனு அறிவியல் நூலகத்தின் நூற்றுக்கணக்கான கோப்புகள் இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர்க்கப்படும். பின்னர் 'இணைப்பான்' என்னும் கருவி அவற்றை ஒரே நூலகக் கோப்பாகச் சேர்க்கும்.

இவ்விடத்தில் தடைகள் நேர்வதுண்டு. திரை நிறையப் பிழைச் செய்திகள் ஓடினால் புதியவர் திகைப்பர். திகைக்க வேண்டுவதில்லை. பிழைச் செய்தி கணினி சினந்து கூறும் சொல்லன்று. குறையுள்ள இடத்தைச் சுட்டும் குறிப்பாகும். செய்திகள் நூறாயினும் அவற்றுள் முதலாவதையே முதலில் படிக்க வேண்டும். பின் வருவன பெரும்பாலும் அதன் விளைவுகளே. நூலின் முனையைக் கண்டுகொண்டால் சிக்கல் தானே அவிழும். 'கான்ஃபிகர்' தான் கேட்ட வினாக்களையும் பெற்ற விடைகளையும் பதிவுக் கோப்பு ஒன்றில் விரிவாக எழுதி வைத்திருக்கும். அதனைப் பொறுமையாகப் படிப்பவர்க்குக் காரணம் புலப்படும்.

தடைகளுட் பெரும்பாலானவை 'சார்பு' பற்றியவை. ஒரு நூலகம் மற்றொரு நூலகத்தின் மேல் நிற்கும். பைத்தான் மொழியில் அறிவியல் கணக்குகளுக்குப் பயன்படும் 'சைபை' என்னும் நூலகம் 'நம்பை' என்னும் நூலகத்தைச் சார்ந்தது. எண்கட்டங்களைக் கையாளும் வேலைக்கு இவ்விரண்டும் 'லாபேக்', 'பிளாஸ்' ஆகியவற்றை நாடுகின்றன. 'லாபேக்' தானும் 'பிளாஸ்' மேல் நிற்பதே. ஆதலின் பிளாஸ் அடித்தளம்; லாபேக் சுவர்; நம்பையும் சைபையும் அவற்றின் மேல் எழும் மாடங்கள். அடித்தளம் இடாமல் மாடம் எழுப்ப இயலாதவாறு, கீழுள்ளதை நிறுவாமல் மேலுள்ளதைக் கட்ட இயலாது. எது எதன்மேல் நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதி, கீழிருந்து மேலாகக் கட்டிச் செல்பவருக்குப் பாதி இடர் தீர்ந்துவிடும். குனு அறிவியல் நூலகம் தனக்கு வேண்டிய பிளாஸ் பகுதியைத் தன்னுடனேயே கொண்டிருத்தலின், தொடக்கத்தில் பழகுவோருக்கு ஏற்றது.

ஐந்தாம் படி சோதித்தல். இதற்குரிய கட்டளை 'மேக் செக்'. ஆறு படிகளுள்ளும் விடாது செய்ய வேண்டியது இதுவே. அவசரத்தில் பலர் விட்டுவிடுவதும் இதுவே. நூலகம் கட்டி முடிந்தது என்பது வேறு. அது சரியான விடை தருகிறது என்பது வேறு. கதவு திறந்து மூடுவதால் மட்டும் வீடு மழைக்கு ஒழுகாது என்று கூற முடியுமா?

கட்டும்போது ஒரு குறையும் காட்டாத நூலகம் எவ்வாறு தவறான விடை தரும் என்று ஐயுறலாம். கணினி எண்களைக் குறிக்கும் முறையில் அதற்கு விடை உள்ளது. கணினி இரும எண்களைக் கொண்டே கணக்கிடுகிறது. மூன்றில் ஒன்றைப் பதின்மத்தில் எழுதப் புகுந்தால் 3 முடிவின்றித் தொடர்வது போல, பத்தில் ஒன்றை இருமத்தில் எழுதினாலும் இலக்கங்கள் முடிவின்றித் தொடரும். கணினியோ குறிப்பிட்ட அளவு இலக்கங்களையே வைத்துக்கொள்ளும். ஆகவே, வழக்கமான இரட்டைத் துல்லிய முறையில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என வரும். இது மிகச் சிறிய வேறுபாடே. ஆயினும் கோடிக்கணக்கான கூட்டல்கள் நிகழும்போது, எந்த எண்ணை முன்னர்க் கூட்டுவது, எதனைப் பின்னர்க் கூட்டுவது என்பதும் விடையை மாற்றக்கூடும். விரைவு வேண்டி நிரல்பெயர்ப்பிக்குச் சில உரிமைகளை அளித்தால், அது கூட்டலின் வரிசையையே மாற்றி அமைத்துவிடும். நூலகத்தை எழுதிய அறிஞர் அரிதில் காத்த துல்லியம் அதனால் குலைதல் கூடும். இக்குறையைக் கட்டும் வேலை காட்டாது, சோதனையே காட்டும்.

ஆதலால் நூலகத்தை எழுதியோர் விடை தெரிந்த கணக்குகள் பலவற்றையும் உடன் சேர்த்து வைத்துள்ளனர். 'மேக் செக்' அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, பெற்ற விடையை உரிய விடையோடு ஒப்பிட்டுத் தேர்ச்சியா, தோல்வியா என்று அறிவிக்கும். தோல்வி என வருமாயின், அந்நூலகத்தை அப்படியே பயன்படுத்துதல் தகாது. காரணம் கண்டு தீர்த்தல் வேண்டும்.

ஆறாம் படி நிறுவுதல். 'மேக் இன்ஸ்டால்' என்னும் கட்டளை, நூலகக் கோப்பையும் அதன் துணைநிரல்களின் பெயரும் இயல்பும் கூறும் தலைப்புக் கோப்புகளையும் உரிய கோப்புறைகளில் வைக்கும். பொது இடத்தில் வைப்பதாயின் கணினி மேலாளரின் உரிமை வேண்டும்; சொந்தக் கோப்புறையாயின் வேண்டாம். நூலகம் அமைந்த இடத்தை இயங்குதளத்திற்கும் அறிவித்தல் வேண்டும். இல்லையேல், நூலகம் கண்ணெதிரே இருந்தும் 'நூலகம் காணப்படவில்லை' என்னும் செய்தி தோன்றும்.

நிறுவிய பின் சிறு கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்பது வழக்கம். ஜெர்மானிய வானியல் அறிஞர் பெசல் என்பவரின் பெயரால் 'பெசல் சார்புகள்' என்னும் கணிதச் சார்புகள் வழங்குகின்றன. இழுத்துக் கட்டிய வட்டமான தோல் எவ்வாறு அதிர்கிறது என்பதை அவற்றைக் கொண்டு கணக்கிடலாம். சுழி வரிசைப் பெசல் சார்புக்கு 5 என்னும் எண்ணை அளித்தால் -0.177596771314338 என்று விடை வர வேண்டும். குனு அறிவியல் நூலகத்தின் கையேட்டில் முதல் எடுத்துக்காட்டாக விளங்குவது இக்கணக்கே. திரையில் இவ்வெண் தோன்றுமாயின், 1996-இல் தொடங்கிய பலரின் உழைப்பு அக்கணினியில் குடிபுகுந்துவிட்டது எனலாம்.

கைரேகையும் சோதனையும் சரியாக இருந்தால் மட்டும் போதுமா என்னும் வினாவை 2024-ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று எழுப்பியது. கோப்புகளைச் சுருக்க உலகெங்கும் பயன்படும் 'எக்ஸ்-இசட்' என்னும் நிரல்தொகுதியில், ஈராண்டுக்கு மேல் உழைத்து நம்பிக்கை பெற்ற ஒருவர் வஞ்சகமான நிரலை மறைத்து வைத்தார். அதனை இயக்கிவிடும் வரிகள், அனைவரும் பார்க்கும் மூலநிரற் களஞ்சியத்தில் இல்லை. வெளியிட்ட பொதியில் மட்டும் இருந்தன. கட்டும் வேளையில் அவை விழித்தெழுந்து, நூலகத்திற்குள் நஞ்சைச் சேர்த்தன. வெளியிட்டவரே வஞ்சகர் ஆதலின் கையொப்பமும் சரியாகவே இருந்தது. ஆண்ட்ரெஸ் ஃபிராயின்ட் என்னும் பொறியாளர், தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைவதற்கு ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக ஆவதைக் கண்டு ஐயுற்றார். அரை நொடிதானே என்று விட்டுவிடாமல் காரணத்தைத் துருவிச் சென்றார். 2024-ஆம் ஆண்டு மார்ச்சு 29-ஆம் நாள் தாம் கண்டதை உலகிற்கு அறிவித்தார். அந்நஞ்சு பரவலாக வேரூன்றுமுன் தடுக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சி இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. மூலநிரல் வெளிப்படையாக இருப்பது மட்டும் காவலாகாது. அதனைப் படிப்போரும், சிறு வேறுபாட்டையும் அசட்டை செய்யாதோரும் இருந்தால்தான் அது காவலாகும். எனினும், மூலநிரல் வெளிப்படையாக இருந்தமையால்தான் ஒருவருடைய ஐயம் சில நாள்களில் உண்மையைத் தொட முடிந்தது. மூடிய பேழைக்குள் இருந்திருந்தால் ஐயம் ஐயமாகவே நின்றிருக்கக்கூடும்.

நிறுவி முடித்தவர்க்கு மேலும் ஒரு கடமை உண்டு. எந்தப் பதிப்பை எடுத்தோம், எந்த நிரல்பெயர்ப்பியால் பெயர்த்தோம், எவ்வகை விருப்பங்களைக் கொடுத்தோம், சோதனையின் முடிவு யாது என்பவற்றைக் குறித்து வைத்தல் வேண்டும். ஓர் ஆய்வின் முடிவை மற்றொருவர் மீண்டும் செய்து பார்த்து ஒப்பும்போதே அது அறிவியலாகிறது. குறிப்பு இல்லாத கணக்கை ஒப்பு நோக்க எவராலும் இயலாது. குறிப்பேட்டின் சில வரிகள் பிற்காலத்தில் வருவோர்க்கு வழிகாட்டும் கைவிளக்காகும்.

பாலத்தின் வலிமையும் மருந்தின் அளவும் புயலின் வருகையும் கணினி கூறும் எண்களைப் பொறுத்து அமைகின்றன. அவ்வெண்களுக்குப் பின்னால் நிற்பவை இந்நூலகங்கள். அவற்றை ஆயத்தமாகப் பெறுவது குற்றமன்று. அதுவே பெரும்பாலும் போதும். ஆயினும், ஒருமுறையேனும் மூலநிரலைப் பெற்று, படித்து, கட்டி, சோதித்து நிறுவியவர், கணினி கூறும் எண்ணை வேதவாக்காகக் கொள்ளார். அவ்வெண் எங்கிருந்து வந்தது, எவற்றின் மேல் நிற்கிறது, எவ்வாறு சரிபார்ப்பது என்று கேட்கப் பழகியிருப்பார். கேட்கத் தெரிந்தவர் கையிலேயே கருவி கருவியாக இருக்கும்.